கீழுதட்டுக்கு வந்தால் வேறு எஞ்சின்

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, இரும்போடு ஒட்டி விறைப்பாக நிற்கிறாள். எதிரே தலைகீழாய் நிறுத்திய காளான் மாதிரி ஒரு வால்வு. பெரிய கப்பல் எஞ்சினில் புகையை வெளியே விடுவது. அதன் நுனி தாடைக்கு வந்தால் ஒரு எஞ்சின். கீழுதட்டுக்கு வந்தால் அதன் அண்ணன்.

பழைய கப்பல் சாமான் கிடங்கில் அவளுக்கு 'அளவு அக்கா' என்று பேர். வந்தது என்னவோ மண்ணெண்ணெய்த் தொட்டியில் பிசுக்குக் கழுவத்தான். பன்னிரண்டு வருஷம் கழுவினால் குழந்தையின் மச்சம் தாய்க்குத் தெரிவதுபோல எல்லாம் தெரிந்துவிடாதா? பிஸ்டன் தலையில் விரலை ஓட்டினாலே எந்த எஞ்சின், எவ்வளவு ஓடியது என்று சொல்லிவிடுவாள். சாமர்த்தியமெல்லாம் கிடங்கு வாசலோடு சரி. வீட்டில் உப்புக்கும் சர்க்கரைக்கும் அவளிடம் பேதமே கிடையாது. பஸ் ஓட்டும் கணவர் அலுத்துக்கொள்வார்: "மூணு மாடி எஞ்சினப் பிரிச்சுப் போட்டாலும் ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லுவா. என் சட்டையக் கேட்டா தம்பி சட்டைய எடுத்து நீட்டுவா."

போன மாதம் யானைக்கும் அடி சறுக்கியது. குதிகால் வலிக்கு டாக்டர் தடித்த அடிச் செருப்பு போடச் சொல்லியிருந்தார். அதோடு நின்று அளந்தாள். ஒரு அங்குலம் ஏமாற்றிவிட்டது. கப்பல்வரை போன வால்வு பொருந்தாமல் திரும்பி வந்தது. ஆளாளுக்குக் காரணம் தேடிக்கொண்டிருக்க, இவள் நேரே முதலாளியிடம் போனாள். "செருப்பு உசரத்தக் கழிக்க மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா மறுபடியும் தொட்டிதான்மா," என்றார் அவர். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை ஒரு கப்பல் எஞ்சினியர் அதே மாதிரி வால்வுக்காக வந்து நிற்கிறார். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே காத்துக் கிடக்கிறது. கிடங்கில் இருந்த ஒன்றில் அளவு டேப்பை வைத்துப் பார்த்தார், நீளம் சரி. அதில் பொறித்திருந்த எண் பாதி தேய்ந்திருந்தது; தெரிந்த பாதியும் ஒத்துப்போனது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

எஞ்சினியரின் போனில் கப்பலிலிருந்து கழற்றிய கருகிய வால்வின் படம். அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். திரும்பி வால்வைத் தடவினாள், ஏதோ ஒத்துவரவில்லை. 'ஆமாம்' என்று தலையாட்டினால் வேலை நிலைக்கும். மாட்டிய பிறகு நடுக்கடலில் உடைந்தால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"இது அது இல்ல தம்பி," என்றாள்.

"அளவே ஒத்துப்போகுது, உனக்கு என்னம்மா வந்துச்சு?" முதலாளியின் குரல் ஏறியது.

"நீளம் ஒண்ணுதான். நுனிக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்கு பாருங்க. நம்மளுதுல ரெண்டு விரல் கீழ இருக்கு. படத்துல மூணு விரலாத் தெரியுது."

"படம் கோணலா எடுத்திருப்பாங்க," என்றார் முதலாளி.

எஞ்சினியர் கப்பலுக்குப் போன் போட்டார். கருகிய வால்வை அங்கே அளந்து சொல்லும்வரை அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். முதலாளி அவள் பக்கமே திரும்பவில்லை.

போனை இறக்கிய எஞ்சினியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அக்கா சொன்னதுதான். இத மாட்டியிருந்தா எஞ்சினே போயிருக்கும்."

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி... வேற இருக்காம்மா?"

கடைசி வரிசையில், தார்ப்பாய்க்கு அடியில் ஒன்று இருந்தது. பக்கத்தில் நின்றாள், பள்ளத்தில் விரல் வைத்தாள். "இதுதான்."

"நீங்க சொன்னாச் சரி அக்கா," என்று எஞ்சினியர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போடப் போனார். அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். ஒரு முனையை அவரிடமே நீட்டிவிட்டு, மறுமுனையோடு குனிந்து, வால்வின் அடியில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.