சில்வர் டிரெஸ்ஸிங்கும் என் மெல்லக் கையும்

1. பேர் வாங்கிய கை

முத்துப்பாண்டியின் முன்பாதத்தை வெட்டி எடுப்பது என்று சர்ஜன் முடிவு செய்தபோது, எட்டு வாரமாக அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள் நான்தான்.

தாராவிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸிங் ரூமில் அப்போது எனக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். 'மெல்லக் கை சிஸ்டர்' என்றால் ஆண்டாப் ஹில் வரைக்கும் தெரியும். என்னிடம்தான் கட்டுப் போடுவோம் என்று ஆட்கள் பெஞ்சில் காத்துக் கிடப்பார்கள். அதில் எனக்கு ஏகப்பட்ட தலைக்கனம். அதை மறைப்பானேன்?

முத்துப்பாண்டி தோல் பை பட்டறையில் தையல் மிஷின் மிதிக்கிறவர். சுகர் உண்டு. வலது கட்டைவிரலுக்குக் கீழே, மிஷின் மிதியில் அழுந்தும் இடத்தில் புண். ரத்த ஓட்டம் சரி, எலும்பும் சுத்தம், சுகரும் இறங்கியிருந்தது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். கிருமியைக் கொல்லும் வெள்ளி கலந்த சில்வர் டிரெஸ்ஸிங்தான் போட்டேன். புண் மட்டும் மஞ்சளாக, வழவழவென்று, நாற்றத்தோடு அப்படியே இருந்தது.

ஒவ்வொரு முறையும் நன்றாகச் சுரண்டிவிட்டுத்தான் டிரெஸ்ஸிங் வைக்க வேண்டும் என்பது ஆர்டர். ஆனால் சுரண்டும் க்யூரெட்டை நான் எடுத்தாலே அவர் கட்டிலைப் பிடித்துக்கொள்வார்.

"அத எடுக்காதிய சிஸ்டரம்மா. ஒங்க கையால மெல்லத் தொடச்சு விடுங்க, போதும்."

நானும் சலைனில் துடைத்துவிட்டு சில்வரை வைத்துக் கட்டி அனுப்புவேன். புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்?

2. டிரம்

சர்ஜன் புண்ணைப் பார்த்துவிட்டு, "யே நஹீ பரேகா, சிஸ்டர்" என்றார். இது ஆறாது. அடுத்த வாரமே ஆபரேஷன்.

முத்துப்பாண்டியின் மனைவி பேச்சி என் பின்னாலேயே வந்தாள். "காலு போச்சுன்னா அவிய மெஷின எப்படி மிதிப்பாவ? வேற தொழிலு தெரியாதே சிஸ்டர்." அழவில்லை. அவள் விரல்கள் சிராய்த்துச் சிவந்திருந்தன. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"தண்ணி டிரம்மு தேச்சேன். உள்ள வழுக்கலாப் புடிச்சுக் கெடக்கு. வெறும் ப்ளீச்சிங் ஊத்துனாப் போவ மாட்டுக்கு. நாரு போட்டுத் தேச்சு எடுத்துட்டு, ஒடனே ப்ளீச்சிங் போட்டாத்தான் திரும்பப் புடிக்காது."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பயோஃபிலிம் என்று டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். புண்ணில் கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து, வழுக்கலாக ஒரு போர்வை போர்த்திக்கொள்ளும். அதற்கு மேலே எதை வைத்தாலும் உள்ளே சரியாக இறங்காது. சுரண்டினாலும் ஓரிரு நாளில் மறுபடி கட்ட ஆரம்பிக்கும். அதற்குள் மருந்து போய்ச் சேர வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். பேர் கெட்டுவிடுமே என்று கைதான் வரவில்லை.

சர்ஜனிடம் போய், ஒருநாளும் ஒழுங்காகச் சுரண்டவில்லை, தப்பு என்னுடையது, இரண்டு வாரம் கொடுங்கள் என்றேன். அவ்வளவு வெட்கம் என் சர்வீஸில் வேறு எப்போதும் பட்டதில்லை. அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"தோ ஹஃப்தா. இரண்டே வாரம். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே தியேட்டர்."

3. பேப்பர்

மறுநாள் பேச்சியை ஒரு தமிழ்ப் பேப்பர் வாங்கி வரச் சொன்னேன். முத்துப்பாண்டியைத் தன் முகத்துக்கும் காலுக்கும் நடுவே அதை விரித்துப் பிடிக்கச் சொல்லி, "சத்தமா வாசிங்க" என்றேன். சுகரில் பாதி மரத்துப்போன கால் அது. அவருக்கு வலியைவிடப் பயம்தான் பெரிசு.

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். நான் க்யூரெட்டை அழுத்திப் பிடித்து, வழுக்கல் போய்ப் புள்ளி புள்ளியாக ரத்தம் தெரியும்வரை சுரண்டினேன். கழுவி, உடனே சில்வரை வைத்துக் கட்டி முடித்தேன்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எப்ப சிஸ்டர் ஆரம்பிக்கப் போறிய?"

பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

இரண்டு நாளைக்கு ஒரு முறை பேப்பர், க்யூரெட், சில்வர். நாலாவது முறை கட்டைப் பிரித்தபோது நாற்றம் போயிருந்தது. இரண்டு வாரம் முடிந்தபோது மாதுளை முத்து மாதிரி சிவப்பாகப் புதுச் சதை வந்திருந்தது. சர்ஜன் குனிந்து பார்த்தார், ஓரத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு ஃபைலில் தள்ளி எழுதியிருந்த ஆபரேஷன் தேதியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அந்தப் பேனாச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

புண் முழுக்க மூட மேலும் மூன்று மாதம் ஆனது. இடது காலால் மிஷின் மிதிக்கப் பழகிக்கொண்டு, தானே தைத்த ஒரு பையோடு முத்துப்பாண்டி நடந்து வந்தார். பெஞ்சில் காத்திருந்தவர்களிடம் நின்று சொன்னார்:

"மெல்லக் கைன்னு எவன் சொன்னான்? கல்நெஞ்சக்காரி. சொரண்டி எடுத்துருவாவ. அவியகிட்டயே போங்க."

டிரெஸ்ஸிங் ரூமுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இது ஒன்றுதான் உண்டு. எந்த விலை உயர்ந்த டிரெஸ்ஸிங்கும் உங்கள் தயக்கத்துக்கு மேலே வேலை செய்யாது. வலிக்கிறவருக்கு மரத்துப்போக மருந்து கொடுங்கள், பயப்படுகிறவருக்குப் பேப்பர் கொடுங்கள், ஆனால் சுரண்டாமல் விடாதீர்கள். ரிட்டையர் ஆகும்வரை என்னைக் கல்நெஞ்சக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் பலர் நடந்து வந்துதான் கூப்பிட்டார்கள்.