எந்த வரியில் கோபம்?

"…வேல முடிஞ்சு வந்ததும் பேசாமப் படுத்துக்கிச்சுல்லீங்க, அப்ப கதையில வர்ற அம்மாவுக்குப் பொண்ணு மேல கோவந்தானுங்க மிஸ்!" என்றாள் யாழினி. எங்கள் ஊர் மண்ணரையில் நான் மாலையில் கதை வாசிக்கவைக்கும் பிள்ளைகளில் ஒருத்தி. அவள் அம்மா பனியன் கம்பெனி டெய்லர். சரக்கு அனுப்பும் அவசரத்தில் ஓய்வின்றித் தைக்கும் ஷிப்மெண்ட் நாட்களில் வீட்டில் வாயே திறக்கமாட்டார். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே இவள் நம்பியிருந்தாள்.

"கோவம்னு எந்த வரியில இருக்குது, கண்ணு?"

விரல்வைத்துத் தேடினாள். "இல்லீங்க… படுக்கறதுக்கு முன்னாடி ஃபேனைப் பொண்ணு பக்கம் திருப்பி வெச்சிருக்குது. கோவம்னா திருப்புமா? அசதியா இருக்குமுங்க."

'என்ன நடந்தது?' என்று மட்டுமே பிள்ளைகளிடம் கேட்டுவந்த எனக்கு, 'எதை வைத்துச் சொல்கிறாய்?' என்று கேட்பதன் அருமை அன்றுதான் புரிந்தது.

அவளைக் கூட்டிப்போக அம்மா வாசலில் வந்து நின்றார். பேச்சில்லை. தலையெல்லாம் பஞ்சு; கையில் மகளுக்குப் பிடித்த தேங்காய் பன். யாழினி பன்னையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு எக்கி நின்று, அம்மா தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள்.