ஆறு கிலோ குறை

இப்போதெல்லாம் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் எடை மெஷினில்தான் ஏறச் சொல்கிறார்கள். எனக்கு அலுப்பாக இருக்கும். எங்கள் வீட்டில் அந்த மூன்று மாதம் எடை பார்த்ததே ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

அறுபதுகளின் கடைசி. அப்பா மத்திகிரி மாட்டுப் பண்ணையில் கன்றுகளை எடை போட்டுக் குறித்துவைக்கும் வேலையில் இருந்தார். அக்காவுக்குப் பெங்களூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு அழைப்பு வந்தது. உயரத்துக்கேற்ற எடை இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். அக்காவோ பூஞ்சை உடம்பு. இந்தப் படிப்பு தவறினால், சூளகிரியில் மனைவியை இழந்த ஒருவர் மாப்பிள்ளையாகக் காத்திருந்தார்.

பண்ணை டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டியிருந்த உயர எடை அட்டவணையை அப்பா பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். பிறகு ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் அக்காவைக் கன்று நிறுக்கும் தராசில் நிற்கவைப்பார். கன்று மிரளாமலிருக்கத் தட்டிக்கொடுப்பதுபோல அக்கா தோளையும் தட்டுவார். பழகிய கை.

"இன்னும் ஆறு கிலோ ஏறணும் பாப்பா," என்றார் முதல் வாரம்.

அன்றிலிருந்து பால், முட்டை, வெல்லம் எல்லாம் அக்கா பக்கமே போயின. அவள் களி உருண்டையை விழுங்க முடியாமல் கண்ணில் நீரோடு உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பொறாமையில் வயிறு எரியும். அம்மா எப்போது சாப்பிட்டாள் என்று நான் கவனித்ததே இல்லை.

மூன்று மாதத்தில் நான்கு கிலோதான் ஏறியது. இரண்டு கிலோ குறையோடு, அழுது வீங்கிய முகத்தோடு அக்கா பஸ் ஏறினாள். அம்மாவும் நானும் கூடப் போனோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அக்காவை நிறுத்துப் பார்த்துப் போதும் என்றார். அம்மா நம்பாமல் அப்பா எழுதிய காகிதத்தை நீட்டினாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

"இது ஆம்பளைங்க கணக்கும்மா. பொண்ணுங்களுக்கு இவ்ளோ வேணாம். மூணு மாசம் முன்னாடியே வந்திருந்தாக்கூட எடுத்திருப்போம்."

காளைக்கன்றுக்கு ஒரு கணக்கு, கிடாரிக்கு ஒரு கணக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அப்பா. பெற்ற மகள் விஷயத்தில் அவருக்கு அது தோன்றவில்லை.

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தார். அவளையும் ஏறி நிற்கச் சொன்னார். அம்மா பாதத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூச்சத்தோடு ஏறினாள். முள் எங்கே நின்றது என்று டாக்டர் சொல்லவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடும்படி மட்டும் சொன்னார்.

"சாப்பிட்டுக்கிட்டுத்தாங்க இருக்கறேன்," என்றாள் அம்மா.

அக்காவை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினோம். அத்திப்பள்ளியில் பஸ் நின்றபோது அம்மா ஒரு பன் வாங்கி, பாதியைப் பிட்டு எனக்குக் கொடுத்தாள். தின்று முடித்து அவள் கையில் இருந்த மீதியையே பார்த்தேன். பசியில்லை என்று அதையும் நீட்டினாள். அக்காதான் போய்விட்டாளே, இனி எல்லாம் எனக்குத்தான் என்ற சந்தோஷத்தில் அந்தப் பாதியையும் நானே தின்றேன்.