பாறைச் சந்தில் ஏற்றிய தேக்சா

ரஹ்மத்துன்னிசா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, கல்யாணமாகி மேலப்பாளையத்திலிருந்து வடக்கே ஏரவாடாவுக்கு வந்தவள். கணவன் ஜலீல் விருந்துகளுக்கு பிரியாணி ஆக்கித் தருகிறவன். பேச்சு அவனுடையது, கைப்பக்குவம் இவளுடையது.

மலையேற வரும் கூட்டங்களுக்குச் சமைக்க, ஊருக்கு மேற்கே ஒரு காட்டோரம் அடிக்கடி போவார்கள். உள்ளே வெகுகாலத்துக்கு முன்பே உடைந்துபோன ஓர் அணை. நீர் தேங்கிய இடமெல்லாம் இப்போது மரம். பிரியாணிப் பாத்திரமான தேக்சா தம்மில் இருக்கும் நேரத்தில் அவள் ஓடைக்கரையில் போய் உட்கார்ந்திருப்பாள். மேலே மலையணில்கள் தாவும். அவளை யாரும் கூப்பிடாத ஒரே இடம் அது.

அங்கே அவளுக்குப் பழக்கமானவள் வனக்காவலர் தேஜஸ்வினி. இவளை மௌஷி, சித்தி, என்றுதான் அழைப்பாள். ஒருநாள் அவள் சொன்னாள்:

"அணையைத் திரும்பக் கட்டணுமாம், மௌஷி. காட்டுக்குள்ள புது ரோடு போட விடமாட்டாங்க. ஆனா வண்டித் தடம் ஏற்கெனவே இருந்தா, பழைய பாதைன்னு காட்டி ரோடு போட்டுடுவாங்க, இந்த மரமெல்லாம் போயிடும். அடுத்த வாரம் அளக்க வர்றாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையல் ஒரு ஜீப் கூட்டத்துக்கு. அதன் தலைவன் பிரணவ் வந்ததுமே சொல்லிவிட்டான்: "சாப்பிட்டதும் அணை வரைக்கும் ஜீப்பை விடுறோம், ஜலீல் பாய்."

ரஹ்மத்துன்னிசா ஒதுங்கிப் போய் தேஜஸ்வினிக்குப் போன் செய்தாள். அவள் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும் என்றாள்.

காட்டுக்குள் வண்டி நுழைய இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரே ஒரு சந்துதான். ஜலீல் கவனித்தபோது அடுப்பு அந்தச் சந்தில் இருந்தது. தேக்சாவின் மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, மேலே கங்கும் போட்டாகிவிட்டது.

"என்ன புள்ள, வழியிலயா அடுப்பக் கூட்டுவ?"

"இங்கதான் காத்து அடிக்கல."

"ஒனக்குப் பொய் சொல்லவும் தெரியல."

பிரணவ் வந்து நின்றான். "பாபி, அதைக் கொஞ்சம் நகர்த்துங்க. முதல்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடுறோம்."

ஜலீல் மனைவியைப் பார்த்தான். அவள் குனிந்து மூடிமேல் இன்னும் கங்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்முல இருக்கறத நகர்த்தினா சாப்பாடு போச்சு, சார்" என்றான்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"அவளக் கேளுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "ஆகல" என்றாள்.

"பிரியாணிக்கே டிராஃபிக் ஜாமா? போசரி சிக்னலே தேவல" என்று பின்னால் ஒருவன் சொல்ல, சிரிப்பு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்று முணுமுணுப்பு ஆரம்பித்தது. இரண்டு பேர் ஜீப்பில் ஏறி ஹாரனை அழுத்தினார்கள். அவள் நிமிரவில்லை.

"அடி பிடிக்குது" என்றான் ஜலீல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"தெரியும்."

அவன் மூடியில் கை வைக்கவில்லை. அடுப்புக்கு அந்தப் பக்கம், வழியை அடைத்தாற்போல் உட்கார்ந்துகொண்டான்.

தேஜஸ்வினி இரண்டு பேரோடு வந்து, பாறைகளுக்கு நடுவே சங்கிலி கட்டிய பிறகுதான் மூடி திறந்தது. வாக்குவாதம் நடந்தது. மேல்சோற்றைத் தின்றுவிட்டு, முகம் கொடுத்துப் பேசாமல் ஜீப்புகளில் திரும்பிப் போனார்கள்.

"இனி நம்மளக் கூப்பிட மாட்டான்" என்றான் ஜலீல், தேக்சாவின் கருகலைச் சுரண்டியபடி. "எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேணாம்னிருப்பீங்க."

"ஆமா" என்றான்.

அணை வருமா வராதா என்பது இன்னும் முடிவாகவில்லை. அளக்க வந்தவர்கள் வண்டியைப் பாறைக்கு வெளியே விட்டு நடந்துதான் போனார்கள், உள்ளே ஒரு தடமும் இல்லை என்று தேஜஸ்வினி போனில் சொன்னாள். ரஹ்மத்துன்னிசா போனை வைத்துவிட்டு, ஜலீலை எழுப்பிச் சொன்னாள்.