முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு கை

ஆபரேட்டர் அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் டெலிபோன் மேசையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள். மெக்கானிக் எதிரிலேயே நின்று டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பான். இவள் போனில், "கிளம்பிட்டாருங்க, பத்து நிமிஷத்துல வந்துடுவாரு" என்பாள். குரலில் ஒரு பிசிறு இருக்காது. அதெல்லாம் அந்த மேசையோடு சேர்ந்து வந்த வேலை. ஆனால் நான் சொல்லப்போவது அவள் சொன்ன ஒரு உண்மையைப் பற்றி. அது சுலபமாக வரவில்லை.

அந்த அலுவலகத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், எல்லாமே கிழடு தட்டியவை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவற்றில் ஓடிய சிஸ்டத்தைச் செய்தவர்கள், பழைய மெஷின்களுக்கு இனி புதுப்பிப்பு எதுவும் வராது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். முதலாளி அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஒல்லியான ஆள் இருந்தான். அவனுக்கே 'சிஸ்டம்' என்றுதான் பெயர் விழுந்திருந்தது. அவன், யாரும் விலை கொடுக்க வேண்டாத, உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய லினக்ஸ் என்கிற மென்பொருளைக் கொண்டுவந்து பன்னிரண்டிலும் ஏற்றினான். ஓசியில் வந்தது ஒரு வாரம் தாங்காது என்று ஆளாளுக்கு ஆருடம் சொன்னார்கள். ஒரு வாரம் போய், ஒரு மாசம் போய், சொன்னவர்களே அதை மறந்துபோனார்கள்.

கையோடு இன்னொன்றையும் ஏற்றினான். எல்லோரும் சேர்ந்து எழுதி, எல்லோரும் சேர்ந்து படிக்கிற ஒரு மென்பொருள். அதுவும் அதே மாதிரி திறந்த சரக்குதான்; மாடிப்படிக்குக் கீழே இருந்த இரும்பு அலமாரிக்குள் ஒரு சர்வரில் ஓடியது. அதன் நீளமான பெயர் யார் வாயிலும் நுழையாததால் 'பலகை' என்று ஆயிற்று. முப்பத்தெட்டு மெக்கானிக்குகளுக்கும் ஆளுக்கொரு போன், ஒரு பாஸ்வேர்டு. ஒரு கட்டடத்தில் சோதனை முடிந்ததும் லிப்ட் ஓடலாமா, நிறுத்தியிருக்கிறதா என்று அவர்களே எழுத வேண்டும். அந்தக் கட்டடத்து வாட்ச்மேனுக்கும் அது உடனே போய்ச் சேரும். நடுவில் டெலிபோனுக்கு வேலையே இல்லை.

ஏட்டில் அப்படி. நடந்தது வேறு. முதல் வாரமே ஒருவன் லிப்ட் குழிக்குள் நின்றபடி அவளைக் கூப்பிட்டான். "அக்கா, கையெல்லாம் கிரீஸு. நீங்களே போட்டுடுங்களேன். பாஸ்வேர்டு எம்பொண்ணு பேருதான்." அவள் போட்டாள். மறுநாள் இரண்டு பேர். மழைக்காலம் முடிவதற்குள் முப்பத்தெட்டுப் பேரின் பாஸ்வேர்டும் அவள் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டில் ஏறிவிட்டது. பாதிப் பேர் பிள்ளைகளின் பெயரை வைத்திருந்தார்கள். ஒரு மகராசன் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வைத்திருந்தான். முதலாளி அம்மாவோ வருகிறவர்களிடமெல்லாம் பலகையைக் காட்டி, "எங்க ஆளுங்க அத்தனை பேரும் அவங்களே எழுதுறாங்க" என்று பூரித்துப்போவார். இவள் அந்தப் பக்கம் திரும்பிப் பேப்பர்களை அடுக்குவாள்.

உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பலகை வந்தால் நம் நாற்காலி போய்விடும் என்று பயந்தவள், பலகையே தன் கையால்தான் ஓடுகிறது என்று தெரிந்தால் சந்தோஷப்படாமல் என்ன செய்வாள்? வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர் சாவி வெட்டுகிறவர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆள் ஒருவர் நுழைகிற அளவுக்கு ஒரு கடை.

"நான் ஒரு சாவிக்கு டூப்ளிகேட் போடவே யாரு, என்னன்னு நாலு கேள்வி கேக்குறேன். நீ முப்பத்தெட்டு வீட்டுச் சாவிய ஒரே டிராயர்ல போட்டு வச்சிருக்கே" என்றார்.

"அவங்களா குடுத்தாங்க. நானா கேட்டேன்?"

"அதான் பயமா இருக்கு."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெக்கானிக்குகளில் ஒருவனுக்கு 'எல்லாம் சரி' என்று பட்டப்பெயர். நாற்பது வயது, குறைவான பேச்சு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டு, "பதினொரு மாடி, எல்லாம் சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவான். ஒன்றரை வருஷத்தில் வேறு ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்ததில்லை. அதனால் அவசரமான நாட்களில் அவள் அவன் கூப்பிடும்வரை காத்திருப்பதில்லை. ஐந்து மணிக்கே அவன் பெயரில் நுழைந்து, 'எல்லாம் சரி. ஓடலாம்' என்று போட்டுவிடுவாள். ஆறு மணிக்கு அவன் கூப்பிட்டு அதையேதான் சொல்லப்போகிறான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் போட்டாள். மகளுக்கு நர்சிங் படிப்பில் சேர்க்கை. ஆறு மணிக்குள் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும். போனைப் பக்கத்து மேசைக்குத் திருப்பிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

பதினொரு மாடியில் அன்றைக்கு எல்லாம் சரியாக இல்லை. ஐந்தாவது மாடிக் கதவுப் பூட்டு கோளாறாக இருந்தது. அவன் மெயின் சுவிட்சை அணைத்து, 'ஓட்டாதே' என்று அட்டை மாட்டிவிட்டு, மாற்றுச் சாமான் வாங்கிவரக் கடைக்குப் போயிருந்தான். வாட்ச்மேன் போனில், 'எல்லாம் சரி. ஓடலாம்' என்று வந்தது. வேலை முடிந்துவிட்டது என்று அந்த மனுஷன் மேலே ஏறிப்போய் சுவிட்சைப் போட்டார். அரை மணி நேரத்தில் ஒரு அம்மாவும் ஆறு வயதுப் பெண்ணும் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஐம்பது நிமிஷம். அடி, காயம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குழந்தையை வெளியே தூக்கியபோது அதற்கு அழக்கூடத் தெம்பில்லையாம்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழையும்போதே அவளுக்குச் செய்தி தெரிந்தது. கண்ணாடி அறைக்குள் முதலாளி அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். 'எல்லாம் சரி' தலை குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

"ஓடலாம்னு உங்க பேர்லதானே இருக்கு? வேற யாரு எழுதினா?"

வெள்ளிக்கிழமைவரை வேலைக்கு வர வேண்டாம், அதற்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், இல்லையென்றால் நின்றுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா அவனை மாடிப்படியில் மறித்தாள்.

"ஏன் நீ சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? பாஸ்வேர்டு குடுத்தது நானுதானேக்கா. சொன்னா ரெண்டு பேரு வேலையும் போவும். சொல்லாட்டி ஒண்ணு."

இதைச் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இறங்கிப் போய்விட்டான். அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு நாள் அவள் சும்மா இருந்தாள். இதையும் நான் மறைக்கப்போவதில்லை. அவன் ஒருவன் போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். மகளுக்கு இப்போதுதான் இடம் கிடைத்திருக்கிறது. இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, கணவர் பழைய பேச்சை எடுக்கவில்லை. நல்ல மனுஷன். "என்ன பண்ணணும்னு உனக்கே தெரியுது. பயந்துக்கிட்டு இருக்கே. பயந்துக்கிட்டே பண்ணு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போனாள். சர்வரில் யார், எந்த மெஷினிலிருந்து, எத்தனை மணிக்கு எழுதினார்கள் என்பதெல்லாம் வரி வரியாகப் பதிவாகும் என்று சிஸ்டம் எப்போதோ அவளுக்குக் காட்டியிருந்தான். வெறும் எழுத்துக் கோப்பு, பூட்டு கிடையாது. அதில் ஒரு பெயரைத் தேடி எடுக்கிற கட்டளையையும் கற்றுக்கொடுத்திருந்தான். இரண்டு வருஷமாக ஒரு எழுத்து விடாமல் அது எழுதி வைத்துக்கொண்டிருந்தது, படிக்கத்தான் நாதியில்லை. அவள் தட்டினாள். 'எல்லாம் சரி' என்பவனின் அத்தனை வரியும் வந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் நாலாம் நம்பர் மெஷின், அவளுடையது. பிறகு மற்ற முப்பத்தேழு பேரையும் எடுத்தாள். பிரின்டர் கால் மணி நேரம் ஓயாமல் துப்பியது. அந்தக் கட்டையும் நோட்டையும் கொண்டுபோய் முதலாளி அம்மாவின் மேசையில் வைத்தாள்.

"அவரு எழுதலங்க. நான் எழுதினேன். அவரு சொல்றதுக்கு முன்னாடியே எழுதினேன்."

முதலாளி அம்மா நாலைந்து தாளைப் புரட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. "எல்லாமே நீங்களா?"

"முப்பத்தெட்டு பேருக்கும் நான்தாங்க."

"நான் ஊரெல்லாம் போய்ப் பெருமையடிச்சிட்டு வந்தேனே!"

தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு முதலாளி அம்மா தீர்ப்பு சொன்னார். அவன் திங்கட்கிழமையிலிருந்து வரலாம், எச்சரிக்கையோடு. ஆனால் இவளை வைத்துக்கொள்ள முடியாது. "லிப்டுக்குள்ள இருந்தது என் பொண்ணா இருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா? நீங்களே சொல்லுங்க."

"விட்டிருக்க மாட்டீங்க" என்றாள் அவள். "ஒரு மாசம் மட்டும் குடுங்க. இவங்க ஒருத்தரும் எழுதப் பழகலைங்க. நான் நாளைக்கே போயிட்டா வேற யாருக்காவது பாஸ்வேர்டக் குடுப்பாங்க. முப்பத்தெட்டு பேரையும் அவங்க கையால எழுத வச்சிட்டுப் போறேன்."

அப்புறம் அந்த ஒரு மாசம் அவள் நாற்காலியில் உட்காரவே இல்லை. பாஸ்வேர்டுகளை மாற்றச் சொன்னாள். புதியதை யாராவது அவளிடம் சொல்ல வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொண்டாள். கிரீஸ் கைக்கு ஆளுக்கொரு துணி கொடுத்தாள். லிப்ட் குழிகளுக்குள் எட்டிப் பார்த்து, மொட்டைமாடி மெஷின் அறைகளில் மூச்சு வாங்க ஏறி நின்று, ஒவ்வொருவனையும் தட்ட வைத்தாள். சிலர் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வைத்திருந்த மகராசன் பத்து நாள் எடுத்தான். எவனாவது போனில், "அக்கா, இன்னிக்கு மட்டும்" என்று இழுத்தால், "துணி குடுத்தேன்ல? தொடச்சிட்டு எழுது" என்று வைத்துவிடுவாள். முப்பத்தேழு பேர் ஆனார்கள்.

மிச்சம் ஒருவன். 'எல்லாம் சரி'. அவனுக்கு மட்டும் வரவே இல்லை. எட்டு நாள் அவன் கூடவே நின்றாள். எழுத்தைத் தேடுவான், தப்பாகத் தட்டுவான், அழிப்பான், "வரலக்கா" என்பான். கடைசி நாளும் வந்தது. அதே பதினொரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் அறை வாசலில், அவள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது பார்த்தாள்: அவன் சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு கட்டைவிரலாலும் தன் மச்சானுக்கு மடமடவென்று நீளமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"எட்டு நாளா என் காதுல பூச் சுத்துனியா?"

அவன் போனைப் பையில் போட்டான். எடுத்தான். திரும்பப் போட்டான். "நான் கத்துக்கிட்டேன்னு சொன்னா நீங்க போயிடுவீங்க. ஒருத்தன் பாக்கின்னா இன்னும் ஒரு மாசம் வைப்பாங்கன்னு நெனச்சேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்காக யாரும் இப்படி முட்டாளாக நடித்ததில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சரி இருக்கட்டும் என்று சொல்லிவிட மனசு துடித்தது. சொல்லியிருந்தால் நானும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"பிரேக்கைப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

அவன் சொல்ல வாயெடுத்தான்.

"எங்கிட்டச் சொல்லாத. எழுது. எழுத நான் இருக்கேன்னு நீங்க விட்டுட்டதாலதான் அந்தப் புள்ள ஐம்பது நிமிஷம் உள்ள கெடந்துச்சு. எழுதுப்பா."

அவன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து எழுதினான். நிதானமாக, ஒரு தப்பும் இல்லாமல் எழுதினான். அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. பலகையில் அவன் பெயர் போட்டு இருந்தது: 'பிரேக் தேய்ந்துவிட்டது. லிப்டை நிறுத்திவிட்டேன். நான் சொல்லும்வரை யாரும் ஓட்ட வேண்டாம்.'

அவள் அதை மூன்று தரம் படித்தாள். பிறகு போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்தாள். லிப்ட் நின்றுவிட்டதால் பதினொரு மாடியும் இருவரும் நடந்துதான் இறங்கினார்கள். முழங்கால் வலித்தது. அவன் ஒரு படி முன்னால் போய்க்கொண்டே, அவள் பிடித்துக்கொள்ள வசதியாகத் தோளைக் கொடுத்தான்.