கம்பியூட்டருக்குத் தைத்த உறை

ஒரு கார் விளையாட்டு திக்கித் திக்கி ஓடியதற்காக நான் ஒரு பெண்ணின் பிழைப்பில் கைவைத்தேன். வேறு எப்படிச் சொன்னாலும் அது பூசி மெழுகுவதாகத்தான் இருக்கும்.

கண்டி டவுனில், ஒரு துணிக்கடையின் மாடியில், மடவளையைச் சேர்ந்த அந்தப் பெண் கம்பியூட்டர் பொருத்திக் கொடுக்கும் கடையைத் திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருப்பவன். முப்பத்தைந்து வயதாகியும், ஞாயிற்றுக்கிழமை விளையாடக் கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். புதுக் கம்பியூட்டரை அவரிடம்தான் செய்வித்தேன். கூடவே வினாடிக்கு நூற்று அறுபத்தைந்து தடவை படத்தைப் புதுப்பிக்கும் மொனிட்டர் ஒன்றையும் வாங்கினேன்.

வீட்டில் முதல் பத்து நிமிடம் கார் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு நிற்கும், துள்ளும், மறுபடி நிற்கும். மொனிட்டரின் வேகத்தை அறுபதுக்கு இறக்கினேன். வயரை மாற்றினேன். விளையாட்டையே அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

உறையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நானும் மனைவியும் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ரேடியோ, டீவி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. உறை இல்லாமல் ஒரு சாமான் இருந்தால் எங்களுக்கு அது சட்டை போடாத பிள்ளை மாதிரி. புதுக் கம்பியூட்டர் வந்ததும், திரைச்சீலைக்கு வாங்கியதில் மிஞ்சிய நீலப் பூத் துணியில், கீழே சுருக்கு வைத்து, மனைவி அதன் பெட்டிக்கு ஓர் உறை தைத்தாள். பட்டனுக்கு ஓர் ஓட்டை, பின்னால் வயருக்கு ஒரு பிளவு. கழற்றாமலே விளையாடலாம். நானும் மெச்சினேன்.

ஆனால் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப்போனபோது உறையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டேன். அந்தச் சுருக்கையும் பூவையும் கடையில் யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்று நினைத்தேன்.

கடையில் அவர் அதே கார் விளையாட்டை என் கண்முன்னே ஒரு மணித்தியாலம் ஓட்டிக் காட்டினார். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"இங்க ஒரு கரச்சலும் இல்லாம ஓடுதே. ஊட்டுல துணி கிணி போட்டு மூடி வச்சிருக்கீங்களா? சூடு போக வழி இல்லாட்டி இப்படித்தான் நிண்டு நிண்டு ஓடும்."

கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். "இல்ல மிஸ். நாங்க என்ன பட்டிக்காட்டு ஆளுங்களா?" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் தன் சொந்தக் கம்பியூட்டரிலிருந்து, திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, என்னுடையதற்குப் பதிலாக என் பெட்டியில் மாட்டினார். "இதப் போட்டுப் பாருங்க. எனக்கு அவசரமில்ல."

வீட்டுக்கு வந்தால் மனைவி உறையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அதை ஒதுக்கி வைத்திருக்கலாம். ஒதுக்கினால் நான் பொய் சொன்னது எனக்கே ஊர்ஜிதமாகிவிடும். இந்த மெல்லிய துணி என்ன செய்துவிடும் என்று மாட்டினேன். கார் மறுபடி திக்கியது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதுவும் என்மீதல்ல, அவர்மீது.

கண்டிப் பக்கத்து விளையாட்டுக்காரர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. கம்பியூட்டர் வாங்க நினைப்பவர்கள் அங்கேதான் கடை விசாரிப்பார்கள். அதில் அவருடைய கடையைச் சொல்லி எழுதினேன்: "அங்க போகாதீங்க. பொம்பள கையில ஸ்க்ரூ டிரைவரக் குடுத்தா இதுதான் நடக்கும்." சிரிப்பு முகங்கள் வந்து குவிந்தன. இரண்டு பேர், அங்கேதான் ஓடர் கொடுக்க இருந்தோம், இனி இல்லை என்றார்கள். எனக்கு அப்போது சந்தோஷமாகவே இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். கீழே துணி பார்க்க வந்த மனைவியும் கூட ஏறி வந்தாள். அவர் எங்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். உள்ளே தூசி போகிறதா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"தூசி எப்படி மிஸ் போகும்? நான்தான் உறை தச்சுப் போட்டிருக்கேனே. வெளையாடுறப்பகூட கழட்டமாட்டாரு." போனில் படத்தையும் எடுத்துக் காட்டினாள்.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வடிவா தச்சிருக்கீங்க தங்கச்சி. வெளயாடக்குள்ள மட்டும் கழட்டி வைங்க. மத்த நேரம் போடுங்க."

பிறகு தன் கார்டைக் கழற்றிக்கொண்டு என்னுடையதை மாட்டித் தந்தார். நான் தலை நிமிரவில்லை. படியிறங்கும்போது மனைவிக்கு வாயெல்லாம் பல்.

அன்று உறையில்லாமல் விளையாடினேன். ஓரிடத்திலும் திக்கவில்லை. குழுவில் "பிரச்சினை தீர்ந்தது, ஒரு செட்டிங்கை மாற்றினேன்" என்று மட்டும் எழுதினேன். அந்த இரண்டு பேரும் பார்த்தார்களா என்று அறிய, யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். அதில் அவருடைய கடையின் போன் இலக்கம் இருந்தது; அவரும் அந்தக் குழுவில் இருப்பது எனக்குத் தெரியாது. மேலே போய், முதலில் எழுதியதன் பட்டியலையும் திறந்தேன். நான் எழுதிய அன்றே அவர் அதைப் படித்திருந்தார். படித்துவிட்டுத்தான் எங்களுக்குக் கதிரை போட்டிருக்கிறார்.

உண்மையை எழுத எத்தனையோ தடவை போனை எடுத்தேன். எழுதவில்லை. அந்த இருவரும் வேறு கடையில் வாங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பேராதனையில் பஸ்ஸுக்கு நின்ற என்னைக் கண்டு, "நீங்க சொன்னதாலதான் தப்பிச்சேன் அண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பரவாயில்லை என்றேன்.