வாசலில் ஒரு சொட்டு

ஸ்ரீரங்கத்தில் வீடு பார்க்கப் போன அன்று, வீட்டுக்கார மாமி என்னவெல்லாம் கேட்பார் என்று யோசித்து, வெங்காயம் பூண்டு முதல் ஊர் உறவு வரை எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். மாமி எதுவும் கேட்கவில்லை. என் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பிறகு, கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே இருந்த சிமெண்ட் தரையைப் பார்த்தார்.

"வண்டிய உள்ள விட்டுக்கோங்கோ சார். ஆனா தரைல ஒரு சொட்டு எண்ணெய் விழப்படாது. விழுந்தா அப்புறம் வண்டி வெளிலதான்."

சரி மாமி என்று தலையாட்டினேன். வண்டி வெளியில் நிற்பது எனக்கு ஒத்து வராது. தென்னூரில் இருந்தபோது தெருவில்தான் நிறுத்தினேன். ஒரு முறை சீட்டைக் கிழித்தார்கள், இன்னொரு முறை பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போனார்கள். துறையூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் இயற்பியல் வாத்தியார். காலையில் ஏழு மணிக்கு வண்டி கிளம்பவில்லை என்றால் என் நாளே போச்சு. ஆக, வண்டி வெளியே போனால் நாங்களும் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான். கோயிலுக்கு ஐந்து நிமிடத்தில் நடந்து போகிற வீடு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் இருந்த என் மனைவி, அதற்கப்புறம் என்னிடம் பேசுவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இவ்வளவு தெரிந்தும் அந்தத் தரையிலேயே வண்டிக்கு எண்ணெய் மாற்ற உட்கார்ந்தேன் என்றால், அதற்குக் காரணம் தென்னூர் மெக்கானிக். நல்ல மனிதர்தான். ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் சாவியை வாங்கிக்கொண்டு, "சார், நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். பழைய ஃபில்டரைக் காட்டுங்கள் என்றால், குப்பையோடு போய்விட்டது என்பார். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாகுநிலை என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். என் வண்டிக்குள் அந்தப் பாகு என்ன செய்கிறது என்று பார்க்க மட்டும் எனக்கு அனுமதி இல்லையா? போன தடவை அந்த டீயைக் குடிக்கக் குடிக்கக் கோபம் தலைக்கேறியது. இனிமேல் நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

சிந்தாமல் செய்ய வேண்டும். அதனால் ஒத்திகை பார்த்தேன். பழைய பெயிண்ட் வாளியின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, தக்கை அடைத்து, தண்ணீர் நிரப்பி, குளியலறையில் திறந்து பார்த்தேன். முதலில் தண்ணீர் எட்டிப் பாய்கிறது. மட்டம் குறையக் குறைய விழும் இடம் கிட்டே வருகிறது. ஆகவே அடியில் வைக்கும் பாத்திரத்தை நாமும் நகர்த்திக்கொண்டே வர வேண்டும். மனைவி கதவருகே நின்று, "கார்ப்பரேஷன்ல வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் எங்கள் வீதி வழியாகப் பெருமாள் புறப்பாடு. காலையிலேயே மாமியும் மனைவியும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். எண்ணெய் மாற்றப்போகிற சங்கதியை மாமியிடம் நான் மூச்சு விடவில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும்.

"நானும் இருக்கேங்க. டார்ச் பிடிக்கிறேன்" என்றாள்.

"வேணாம். புடவையில பட்டா போகவே போகாது. நீ மாமியோட கோயிலுக்குப் போயிட்டு வா."

டார்ச்சை வண்டி சீட்டின் மேல் வைத்தாள். பிறகு போய்விட்டாள்.

வீதியை ஒரு சுற்று சுற்றி வந்து இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டேன். சூடான எண்ணெய்தான் மிச்சமில்லாமல் வடியும். காவிரிப் பக்கமிருந்து ஆடிக்காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. கேட்டுக் கம்பிகளில் பழைய போர்வையை இழுத்துக் கட்டி மறைத்தேன். தரையில் முதலில் சாக்கு, அதன் மேல் நாலு மடிப்பில் செய்தித்தாள், அதற்கும் மேல் பிளாஸ்டிக் பேசின்.

இன்ஜினின் அடியில், பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கும் போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்தி, பிறகு விரலால் உள்ளே அழுத்திக்கொண்டே திருப்பினேன். கடைசிச் சுற்று முடிந்தது என்று விரலுக்குத் தெரிந்ததும் சட்டென்று கையை இழுத்தேன். எண்ணெய் கறுப்பாக, ஓசையே இல்லாமல் பாய்ந்தது. ஒத்திகையில் பார்த்தபடியே முதலில் எட்டி விழுந்து, பிறகு பின்வாங்கியது. பேசினை நகர்த்திக்கொண்டே இருந்தேன். ஒன்று மட்டும் தண்ணீர் சொல்லித் தரவில்லை. எண்ணெய் மெல்லிய நூலானதும் நேராக விழாமல் இன்ஜினின் அடிவயிற்றை ஒட்டிக்கொண்டு ஊர்ந்து, எதிர்பாராத மூலையில் போய்ச் சொட்டுகிறது. சாக்கு இருந்ததால் பிழைத்தேன்.

அடுத்தது ஃபில்டர். மூன்று போல்ட்டுகள் போட்ட வட்ட மூடிக்குப் பின்னால் இருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே தேங்கிய எண்ணெய் இன்ஜினின் மேலேயே வழிந்து, சைலன்சர் குழாயில் இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்கு ஒரு வாய்க்கால் வேண்டும். அட்டையை மடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. தகரம் அந்த இடுக்கில் நுழையவில்லை. கொல்லையில் குலை வெட்டிச் சாய்த்த வாழை ஒன்று கிடந்தது. அதிலிருந்து ஒரு பட்டையை உரித்து, சாண் நீளத்துக்கு வெட்டி, மூடிக்குக் கீழே சொருகினேன். இதற்காகவே பிறந்ததுபோல் கச்சிதமாக உட்கார்ந்தது. மேல் போல்ட்டுகளை முதலில் எடுத்து, கீழ் போல்ட்டைக் கடைசியில் மெதுவாகத் தளர்த்தினேன். எண்ணெய் வாழைப்பட்டை வழியே சமர்த்தாக இறங்கிப் பேசினில் சேர்ந்தது. அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். எட்டு வயதில் மழைத் தண்ணீரைத் திருப்பி விட்டுச் சிரித்த சிரிப்பு அது.

புது ஃபில்டர், புது ரப்பர் வளையம், மூடி, போல்ட்டு. புனல் வைத்துப் புது எண்ணெய். இன்ஜினின் பக்கவாட்டுக் கண்ணாடியில் தேன் நிறத்தில் மட்டம் தெரிந்தது. பழைய எண்ணெயைக் கேனில் ஊற்றி மூடினேன். செய்தித்தாளைச் சுருட்டினேன், சாக்கைத் தூக்கினேன். தரையில் ஒரு சொட்டு இல்லை. குனிந்து, நிமிர்ந்து, இரண்டு பக்கமிருந்தும் பார்த்தேன். இல்லை.

அத்தோடு கையைக் கழுவிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் பழைய ஃபில்டர் கையில் இருந்தது. அதைப் பார்க்கத்தானே இவ்வளவும்? பிளேடால் கீறி, உள்ளே கொசுவம்போல் மடித்து வைத்திருந்த காகிதத்தை மட்டும் வெளியே எடுத்தேன். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. கையகலப் பொருளுக்குள் என் கை நீளத்துக்கும் மேலான காகிதம். மடிப்புகளுக்குள் என்னவோ மினுங்கியது. வெளிச்சம் போதவில்லை. கேட்டில் கட்டிய போர்வையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, காகிதத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தேன்.

காற்று அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தது. என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், வாசற்படியின் காலடியில் மாமி அன்று காலை போட்டிருந்த கோலத்தின் நட்டநடுவே சப்பென்று அறைந்தது.

ஓடிப் போய்க் குனிந்தேன். காகிதத்தை எடுத்தால் கறுப்பு இன்னும் பரவியது. துணியால் துடைத்தால் ஈஷியது. பள்ளி ஆய்வகத்தில் எண்ணெய் கொட்டினால் மணலைப் போடுவோம். மணலுக்கு எங்கே போவது? ஜன்னல் விளிம்பில் கோலமாவு டப்பா இருந்தது. கல் மாவும் மணலுக்குத் தங்கைதானே என்று எடுத்து, அப்படியே கவிழ்த்தேன். மாவு எண்ணெயை உறிஞ்சியது. கூட்டி ஒதுக்கினேன். மறுபடி கொட்டினேன். டப்பா காலியாகும்போது, உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கலான கறை மட்டும் மிஞ்சியது. கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போதுதான் எறும்புகளைப் பார்த்தேன். ஒதுக்கி வைத்த மாவின் எண்ணெய் படாத ஓரத்தை நோக்கி வரிசையாக வந்துகொண்டிருந்தன. கல்லைத் தின்ன எறும்பு வருமா? டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். அரிசி. ஜன்னல் விளிம்பில், கொஞ்சம் தள்ளி, இன்னொரு டப்பா இருந்தது. அதுதான் தினசரிக் கோலத்துக்கான கல் மாவு. நான் கவிழ்த்தது, புறப்பாட்டுக்கென்று மாமி இரண்டு நாளாக ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, அரைத்துச் சலித்து வைத்திருந்த பச்சரிசி மாவு.

வாசல் கேட் திறந்தது. இரண்டு பேரும் துளசியும் கையுமாக நின்றார்கள். பொய் சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். மனைவியின் முகம் வெளுத்துப் போயிற்று. அந்த முகத்தைப் பார்த்தபோது, வீடு கையை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

மாமி கறையைப் பார்த்தார். காலி டப்பாவைப் பார்த்தார். பிறகு கறுப்புக் காகிதத்தைக் காட்டி, "இது என்னது?" என்றார்.

"ஃபில்டர் மாமி. வண்டி எண்ணெயை வடிகட்டுறது."

"காப்பி ஃபில்டர் மாதிரியா?"

"அதேதான் மாமி."

படியில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டார். மடிப்பு மடிப்பாக விரித்தார். "இதென்ன மினுமினுக்கறது?"

"இன்ஜின் உள்ள உரசி உரசித் தேயறப்போ வர்ற உலோகத்தூள்."

"அத்தனையும் இந்தக் காகிதத்துல நின்னுடறதா? ஆச்சரியமா இருக்கே." விரலில் தொட்டு, வெயிலில் காட்டிப் பார்த்தார். பிறகு மடிப்புகளை எண்ண ஆரம்பித்தார். எனக்கு அது தோன்றவே இல்லை.

"மாமி, புடவை!" என்று மனைவி பதறினாள். முந்தானை ஓரத்தில் எண்ணெய் பட்டிருந்தது.

"பட்டுட்டுப் போறது" என்றார் மாமி. எண்ணி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார். "ஆத்துக்காரர் ஸ்கூட்டர் வெச்சிருந்தார். லீவு நாள்னா இதே இடத்துல உக்காந்து பிரிப்பார். உள்ள அப்படி என்னதான் இருக்குன்னு நான் கிட்ட வந்தா, 'புடவைல பட்டுடும், நீ உள்ள போ'ம்பார். எல்லாம் முடிஞ்சப்புறம் தரையத் தேய்க்க மட்டும் கூப்பிடுவார். முப்பது வருஷம் தேய்ச்சேன் சார். உள்ள என்ன இருக்குன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஸ்பேனரைப் பார்த்தேன். அவமானமாக இருந்தது.

"சொன்னது சொன்னதுதான்" என்றார் மாமி. "இன்னிக்கு வண்டி வெளில நிக்கட்டும். நாளைக்கு உள்ள விட்டுக்கோங்கோ. தரைய நீங்கதான் தேய்க்கணும். அரிசியும் நீங்கதான் அரைக்கணும், ஊறப் போடறேன். அடுத்தது எப்போ மாத்தணும்?"

"ஒன்றரை மாசத்துல மாமி."

"நாங்க கோயிலுக்குப் போற வேளையாப் பாத்துப் பண்ணாதேங்கோ. நாங்க இருக்கறச்சே பண்ணுங்கோ."

தேய்த்தேன். அரைத்தேன். பெருமாள் ஈரமாக்கோலத்தின் மேல் எழுந்தருளினார். கறை முழுதாகப் போகவில்லை, இன்னமும் இருக்கிறது.

புரட்டாசியில் அடுத்த முறை வந்தது. சாக்கு, செய்தித்தாள், பேசின், வாழைப்பட்டை எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். மாமி படியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். புடவையைத் தூக்கிச் செருகியபடி வந்த மனைவி, ஸ்பேனருக்காகக் கையை நீட்டினாள்.

"நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள்.

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போனேன். கடையில் டீ ஆறுகிற வரை நிற்க முடியவில்லை. பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். அதற்குள் எண்ணெய் முழுக்க வடிந்து முடிந்திருந்தது.